ஊசி போட்ட பிள்ளைக்கு வெறும் வயிறு

நான் ஓய்வு பெற்ற அன்று லேபில் கேக் வெட்டினார்கள். இப்போதைய மேனேஜர் என்னைப் பற்றி நல்ல வார்த்தை நாலு சொல்ல எழுந்தார். "மேடம் வந்து ரொம்ப... ரொம்ப நேர்மையானவங்க" என்று திணறி உட்கார்ந்துவிட்டார். சண்டைக்காரி என்று சொல்ல வந்து விழுங்கிவிட்டார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வாயில் கேக் இருந்ததால் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு புதிதாகச் சேர்ந்த பெண்பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அதில் துடுக்கான ஒருத்தி கேட்டாள்: "மேடம், மெஷின் ரூம்ல அவ்ளோ வருஷம் சீனியரா இருந்துட்டு, கடைசில எதுக்கு கவுன்ட்டர்ல வந்து உக்காந்தீங்க? பனிஷ்மென்ட்னு சொல்றாங்களே, நெஜமா?"

பனிஷ்மென்ட்தான். அதை மறைக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் எதற்காக என்பதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். மேனேஜரை அடிக்கப் போனேன் என்றுகூட ஒரு கதை உலாவுகிறது. நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். வாழ்த்து மடல் மாதிரி இனிப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம்.

நான் அருப்புக்கோட்டைக்காரி, பெயர் பாண்டியம்மாள். லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்த கையோடு கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் பைக் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. வந்து இறங்கியபோது இந்த ஊரில் எனக்குப் பிடித்தது குளிர் ஒன்றுதான். ஓர் ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம், ஒரு சின்ன லேபில் கொஞ்ச காலம், பிறகு ஓய்வு பெறும் வரை இந்த லேப். டிப்ளமோவில் படிக்காத ஒன்றை இங்கேதான் படித்தேன். அழுகிற பிள்ளையிடம் முதலில் தமிழில் கெஞ்ச வேண்டும். அது முழித்தால் தெலுங்கில் "ஒக்க சூதி, அந்தே." அதற்கும் முழித்தால் கன்னடத்தில் "ஒந்தே சூஜி, அஷ்டே." ஒரே ஊசிதான் என்று மூன்று பாஷையில் பொய் சொல்லக் கற்றுக்கொண்டேன். என் ஊர்த் தமிழைக் கேட்டு, திட்டுகிறேன் என்று நினைத்துப் பயந்த பிள்ளைகளும் உண்டு.

பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெரியவர்களுக்கு வருவது வேறு, இது வேறு. தொழிற்பேட்டையில் வேலை செய்யும் அப்பாக்கள் கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன். கம்பெனி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்குப் புத்தி பிசகிவிட்டது. ஷிப்டுக்கு வரும் சொந்த ஆட்களையே திருடன் என்று அடித்து விரட்டுகிறான். உடம்பில் இன்சுலின் செய்யும் ஆட்கள் அப்படித்தான் ஒழிந்துபோனார்கள். ஆன்டிபாடி என்பது அவன் கையில் இருக்கும் தடி. ரத்தத்தில் தடி அகப்பட்டால், உள்ளே அடி விழுகிறது என்று அர்த்தம். ஒரு கேட்டில் புத்தி பிசகியவன் பக்கத்துக் கேட்டிலும் கைவைப்பான். அந்தப் பக்கத்துக் கேட் பல பிள்ளைகளுக்குத் தைராய்டாக இருக்கும். அதனால்தான் சர்க்கரை வந்த பிள்ளைக்குத் தைராய்டையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

இது மிட்டாய் தின்று வருவதில்லை. அம்மா கவனிக்காததால் வருவதில்லை. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். பிள்ளைக்கு நோய் என்றால் முதலில் அம்மாவைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் எந்த பாஷை பேசுகிறவர்களுக்கும் போகவில்லை.

ஆரம்பத்தில் ஆன்டிபாடி பரிசோதனை எதுவும் எங்களிடம் கிடையாது. ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைப் பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து பெங்களூருக்கு அனுப்புவோம். மாநில எல்லையில் ஜூஜுவாடி செக்போஸ்டில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றால், பெட்டியில் ஐஸ் உருகுகிறதோ என்று இங்கே நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு தைராய்டு ஆன்டிபாடி பார்க்கும் மெஷின் எங்கள் லேபுக்கே வந்தது. அதோடு டாக்டர் வசந்தாவும் வந்தார்.

டாக்டர் வசந்தா எங்கள் பேத்தாலஜிஸ்ட். ஆள் குள்ளம், குரல் அதைவிடச் சின்னது. அவர் பேசினால் ரத்தம் சுழற்றும் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் கேட்க வேண்டும். யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. வேலையில் பிசகியவரின் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னொரு தடவ பண்ணுங்க" என்பார். பண்ணி முடிக்கும் வரை நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு இரண்டு அறை வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

பிள்ளைகளின் ஆன்டிபாடி ரிப்போர்ட் எதுவும் அவரிடம் சுலபமாகக் கையெழுத்து வாங்காது. மூன்று கேள்விக்கு நாங்கள் பதில் வைத்திருக்க வேண்டும். இன்சுலின் ஊசி தொடங்கி எவ்வளவு காலம் ஆயிற்று? ரத்தம் எடுத்தபோது பிள்ளை படுத்த படுக்கையாக இருந்ததா, நடமாடிக்கொண்டிருந்ததா? பிள்ளை வளர்கிறதா? முதல் கேள்வி எதற்கென்றால், ஊசி தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே உடம்பு அந்த ஊசி மருந்துக்கு எதிராகவும் ஆன்டிபாடி செய்ய ஆரம்பித்துவிடும். இன்சுலின் ஆன்டிபாடியை அதற்குப் பிறகு பார்த்தால், அது நோயால் வந்ததா ஊசியால் வந்ததா என்று சொல்ல முடியாது. இரண்டாவது கேள்வியை ஒரு பையனால்தான் நான் புரிந்துகொண்டேன். பாகலூர்ப் பக்கத்துப் பையன், சர்க்கரை ஏறி ஐசியூவில் கிடந்தபோது தைராய்டுக்கும் சேர்த்து ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அளவு கோணலாக வந்தது. டாக்டர் அதை முடிவாகக் கொடுக்க மாட்டேன் என்றார். உயிருக்குப் போராடுகிற உடம்பில் தைராய்டு அளவு தானாகவே தாறுமாறாக இருக்கும், பையன் எழுந்து நடக்கட்டும் என்றார். பையனின் அப்பா வந்து கத்தினார். டாக்டர் அவருக்கும் ஒரு ஸ்டூல் போட்டார். பையன் தேறிய பிறகு எடுத்த ரத்தத்தில் தைராய்டு சரியாக இருந்தது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் எங்கள் லேபின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கவுன்ட்டரில் போனை எடுத்தால், என்ன பரிசோதனை என்று முழுதாகக் கேட்பதற்கு முன்பே ஒரு வாக்கியம் வந்து விழும்: "வெறும் வயித்துல வந்துடுங்க." கொலஸ்ட்ரால் பார்க்க வருகிறவருக்கும் அதுதான், ரத்த குரூப் பார்க்க வருகிறவருக்கும் அதுதான். ஆளுக்கு ஒன்று சொல்வதற்கு எல்லோருக்கும் ஒன்றைச் சொல்வது வசதி. ஜனங்களும் அதை நம்பிவிட்டார்கள். சாப்பிட்ட ரத்தம் கெட்ட ரத்தம் என்று ஓர் எண்ணம். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் குந்தாரப்பள்ளியிலிருந்தும் வேப்பனப்பள்ளியிலிருந்தும் வந்து, காலையில் சுருண்டு உட்கார்ந்திருப்பார்கள். தைராய்டுக்கோ ஆன்டிபாடிக்கோ வெறும் வயிறு தேவையே இல்லை. அதை நானும் சொன்னேன், டாக்டரும் சொன்னார். மேனேஜர், அதாவது அப்போதைய மேனேஜர், "கன்ஃப்யூஸ் பண்ணாதீங்க மேடம், ஒரே ரூல் இருக்கட்டும்" என்பார். அவர் சேலத்துக்காரர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். கஸ்டமர் என்ற சொல்லை அவரைப் போல் பக்தியோடு சொல்ல யாராலும் முடியாது.

ஒரு திங்கட்கிழமை காலை. திங்கட்கிழமை என்றால் ஹாலில் நிற்க இடமிருக்காது. மெஷின் ரூமில் இருந்த எனக்கு வெளியே "ஐயோ, புள்ள!" என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால், வரிசையின் நடுவில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை தரையில் சரிந்து கிடக்கிறது. உடம்பெல்லாம் வியர்வை, கண் எங்கோ பார்க்கிறது. அம்மா மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "மோனி, மோனி" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மனிதர் ஒருவர், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"என்ன நோய் இருக்கு புள்ளைக்கி?" என்றேன்.

"சக்கரைங்க. ஊசி போடறோம்" என்றார் அம்மா.

விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை முப்பதுக்குப் பக்கத்தில் இருந்தது; எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. நல்ல வேளையாக விழுங்குகிற நினைவு இருந்தது. நிமிர்த்தி உட்கார வைத்து, எதிர் டீக்கடையிலிருந்து சர்க்கரையைக் கொண்டுவரச் சொல்லி, தண்ணீரில் கரைத்து வாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். பாதிக்கு மேல் என் புடவையில் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் கண்ணில் வெளிச்சம் வந்தது. "அம்மா, பசிக்குது" என்றது பிள்ளை.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். ஹால் முழுக்க ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அந்த அம்மாவிடம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் மரியாதையாகவே சொன்னார்: "என்னம்மா நீங்க, இன்சுலின் போட்டா சாப்பாடு குடுக்கணும்னு தெரியாதா? இவ்ளோ கேர்லெஸ்ஸாவா இருப்பீங்க?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்படிக் குனிந்து பழகிப்போன கழுத்து என்பது பார்த்தாலே தெரிந்தது.

"ஊசி போட்டீங்க, ஏம்மா சோறு குடுக்கல?" என்று நான் கேட்டேன்.

"ஊசிய ஒருநாளுங்கூட உடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. அதான் பஸ்ஸு சூளகிரி தாண்டறப்ப போட்டுட்டேன்" என்றார். பிறகு குரல் இன்னும் இறங்கியது. "இங்க போன் பண்ணப்ப, ஒண்ணும் குடுக்காம வெறும் வயித்துல கூட்டியாரச் சொன்னாங்க."

டாக்டர் சொன்னதையும் கேட்டிருக்கிறார், லேப் சொன்னதையும் கேட்டிருக்கிறார். இரண்டையும் ஓர் எழுத்து பிசகாமல் செய்திருக்கிறார். பிள்ளை செத்திருக்கும்.

எனக்கு வந்த கோபத்தை இப்போதும் அடக்கி எழுத முடியவில்லை. ஹாலின் நடுவில் நின்று, என் ஊர்க் குரலில் கத்தினேன்: "சார், அவுகளை எதுக்குக் கேக்குறீக? நாமதான சொன்னோம்! ஊசி போடுற புள்ளயப் பட்டினியா வரச் சொன்னது நாமதான்! எல்லாரும் கேட்டுக்கங்க, ஊசி போடுற புள்ளைக யாரு வந்திருந்தாலும் இப்பவே போயிச் சாப்பிட்டுட்டு வாங்க!"

"மேடம், உள்ள வாங்க, பேசிக்கலாம்" என்றார் மேனேஜர்.

"உள்ள என்ன பேச்சு? அந்தம்மாவ நடுக்கூடத்துல வச்சுத்தான கேட்டீக?"

இதுதான் நான் அடிக்கப் போனதாகச் சொல்லப்படும் சம்பவம். என் கையில் சர்க்கரைத் தண்ணீர் டம்ளர் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த அம்மா பெயர் சித்ரா. கல்லாவிப் பக்கம் விவசாயக் குடும்பம். கணவர் லாரி ஓட்டுகிறார், அன்று வடக்கே எங்கோ இருந்தார். வெள்ளைச் சட்டைக்காரர் கணவரின் அண்ணன் மாதப்பன். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆனால் சர்க்கரைத் தண்ணீர் குடித்து முடித்த மோனிஷா போய் ஒட்டிக்கொண்டது அந்தப் பெரியப்பாவின் வேட்டியைத்தான். அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை சுலபமாக இருந்திருக்கும்.

அவர் என்னிடம் வந்து கைகூப்பினார். "தாயீ, நல்லா இருப்பீங்க. நீங்களே பாத்தீங்க இல்ல? இந்த ஊசிதான் புள்ளயக் கொல்லுது. ஆறேழு மாசமா இதே கததான். பள்ளிக்கூடத்துல உழுவறா, ஊட்டுல உழுவறா. ஒண்ணு ஊசி கொல்லுது, இல்ல இவ ஒழுங்கா சோறு போடறதில்ல. அதுக்குதான் முடிவு பண்ணிட்டேன். ஆந்திராவுல ஒருத்தரு பொடி குடுக்கறாரு. ஊசிய நிறுத்திட்டு வந்தாத்தான் குடுப்பேன்னுட்டாரு. வர்ற அமாவாசக்கி கூட்டினு போறோம். இவ அழுதாளேன்னு இந்த டெஸ்ட்டுக்கு வந்தோம். இதோட செரி."

அமாவாசை வியாழக்கிழமை. இந்த நோய் உள்ள பிள்ளைக்கு ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். சில நாள்கூடத் தாங்காது.

டாக்டர் வசந்தா எப்போது வந்து என் பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. மாதப்பன் பேசியதைக் கேட்டிருந்தார். அவர் ஊசியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சித்ராவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் மூன்றாவது கேள்வியைக் கேட்டார்: "பாப்பா வளர்றாளாம்மா?"

சித்ராவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு பிள்ளையின் பாவாடை ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "இது போன வருசத்துக்கு முந்துன வருசம் தச்சதுங்க. இன்னும் சரியா இருக்குது. மடிப்பப் பிரிச்சு இறக்கவே இல்ல."

"இந்த ஒரு செலவாச்சும் மிச்சம்னு நெனச்சோம்" என்றார் மாதப்பன்.

டாக்டர் எழுந்து என்னைப் பார்த்தார். "பாண்டியம்மா, தைராய்டும் ஆன்டிபாடியும் இன்னைக்கே வேணும்."

இன்றைக்கே என்பதுதான் சிக்கல். தைராய்டு ஆன்டிபாடிக்குச் சாம்பிள் குறைவாகத்தான் வரும். அதனால் சேர்த்து வைத்து, வெள்ளிக்கிழமை மட்டும் ஓட்டுவது எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை வரும்போது மோனிஷா ஆந்திராவில் பொடி தின்றுகொண்டிருப்பாள். ஒரு பிள்ளைக்காக மெஷினைத் தயார் செய்வதற்கு மேனேஜர் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் அவரைக் கேட்கவில்லை. பிள்ளைக்கு எதிர்க் கடையில் இட்லி வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, ரத்தம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

எந்தப் பிள்ளையின் ரத்தத்தையும் வைப்பதற்கு முன்னால் கன்ட்ரோல் ஓட்ட வேண்டும். கன்ட்ரோல் என்பது விடை ஏற்கெனவே தெரிந்த சாம்பிள். அளவு குறைந்தது ஒன்று, கூடியது ஒன்று. மெஷின் அந்த இரண்டுக்கும் சரியான விடை சொன்னால்தான் மற்றதற்கு அது சொல்வதை நம்பலாம். அன்று குறைந்தது சரியாக வந்தது. கூடியது எல்லைக்கு வெளியே போய் நின்றது.

"டாக்டர், கொஞ்சந்தான் வெளிய போயிருக்கு. புள்ளையோடது எப்படியும் ஏகத்துக்கும் கூடத்தான் வரப்போகுது. வச்சிருவமா?" என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எப்படியும் வரும்னு தெரிஞ்சா மெஷின் எதுக்கு? நீங்களே ஒரு நம்பர் எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. வெளியே ஒரு குடும்பம் பஸ்ஸுக்கு அவசரப்படுகிறது, இவர் இங்கே நம்பர் பேசுகிறார் என்று மனசுக்குள் வைதேன். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் ஒரு மனிதரின் நம்பிக்கையோடு மோதப் போகிறோம். அதில் ஒரு சந்தேகம்கூட இருக்கக் கூடாது. திறந்து நாளாகிப்போன கன்ட்ரோல் பாட்டிலைத் தூக்கிப் போட்டேன். புதியதைப் பிரித்து, குளிர் போகக் காத்திருந்து, நுரை எழாமல் மெல்லப் புரட்டிக் கலந்து, மெஷினை மறுபடி சரிபார்த்து, திரும்பவும் ஓட்டினேன். டாக்டர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் கதவைத் தட்டி மாதப்பன் எட்டிப் பார்த்தார். "எங்களுக்கு நேரமாவுதுங்க. ஊர்ல வேல கெடக்குது. ரிப்போட்ட அப்பறமா வந்து வாங்கிக்கறோம்."

"அப்பறம் ஆவாது. உக்காருங்க" என்றேன், அவர் ஊர்ப் பேச்சிலேயே. என் முகம் எப்படி இருந்ததோ, மனிதர் போய் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு கன்ட்ரோலும் எல்லைக்குள் வந்தன. பிறகு மோனிஷாவின் சீரம். ஆன்டிபாடி மெஷின் அளக்கக்கூடிய உச்சத்தையும் தாண்டியிருந்தது. தைராய்டு சோர்ந்து கிடக்கிறது என்று காட்டும் அளவும் வானத்துக்கு ஏறியிருந்தது. டாக்டர் இரண்டையும் ஒருமுறை திரும்ப ஓட்டச் சொன்னார். மாறவில்லை. கிருஷ்ணகிரியில் பிள்ளையைப் பார்க்கும் குழந்தை டாக்டருக்குப் போன் போட்டு, கதவோரம் நின்று நெடுநேரம் பேசினார். பிறகு மூவரையும் தன் அறைக்கு அழைத்தார். என்னையும் இருக்கச் சொன்னார். மேனேஜரும் தானாக வந்து நின்றார்.

"ஐயா, உங்க பொண்ணு ஆறேழு மாசமா விழறதுக்குக் காரணம் கிடைச்சிருச்சு" என்று ஆரம்பித்தார் டாக்டர். "கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி. சக்கரைய உண்டாக்குன அதே கோளாறு இப்ப அதையும் அடிச்சிருக்கு. அது படுத்துட்டா உடம்பு மெதுவாயிரும், வளத்தி நின்னுடும். அப்ப முன்ன போட்ட அதே அளவு ஊசி உடம்புக்கு அதிகமாயிரும். சக்கர திடீர் திடீர்னு இறங்கும்."

"அப்ப ஊசிய நிறுத்திட்டா..."

"ஊசிய நிறுத்துனா நீங்க பொண்ண ஆந்திராவுலேர்ந்து திருப்பிக் கொண்டுவர முடியாதுங்க." அதைச் சொல்லும்போதும் அவர் குரல் ஏறவில்லை. "ஊசி அளவ உங்க டாக்டர் குறைச்சுத் தருவாரு. தைராய்டுக்கு ஒரு மாத்திர. அவ்வளவுதான்."

மாதப்பன் மோனிஷாவைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "இன்னைக்கி உழுந்தாளே, அதும் இதானா டாக்டரம்மா?" என்றார்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். டாக்டர் வசந்தா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"இதுவரைக்கும் விழுந்தது தைராய்டால. இன்னைக்கு விழுந்தது எங்களால. ஊசி போடற பொண்ணப் பட்டினியா வரச் சொன்னது நாங்க. எதுலயுமே இவங்க அம்மா மேல தப்பு இல்ல."

சித்ரா அதுவரை அழவில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் உடைந்துபோனார். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டும் சத்தம் வெளியே வந்தது. நானும் அழுதேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க டாக்டர்" என்றார் சித்ரா, அழுகையினூடே. "எங்க மூத்தாரு காதுல நல்லா உழற மாதிரி இன்னொரு வாட்டி சொல்லுங்க."

டாக்டர் இன்னொரு முறை சொன்னார். மாதப்பன் எழுந்து போய்ச் சன்னல் பக்கம் நின்றுகொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆந்திராவுக்கு வேணாம்" என்றார், தெருவைப் பார்த்தபடி.

ஒரு விஷயம் பாக்கி இருந்தது. தைராய்டு மாத்திரையைக் காலையில் சாப்பிடுவதற்கு முன்னால் போட வேண்டும். டாக்டர் "வெறும் வயித்துல" என்று வாயெடுத்ததும் சித்ராவின் முகம் வெளிறிவிட்டது. நான் குறுக்கே புகுந்தேன். எழுந்ததும் மாத்திரை, கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பாடு தட்டில் வந்த பிறகுதான் ஊசி, தட்டு முன்னால் இல்லாமல் ஊசியைக் கையில் தொடக் கூடாது. மூன்று முறை அவரைத் திரும்பச் சொல்ல வைத்தேன். பெரியப்பாவையும் ஒரு முறை சொல்ல வைத்தேன்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கஸ்டமர்கள் முன்னால் நிறுவனத்தைக் குறை சொன்னதற்கும், கேட்காமல் மெஷின் ஓட்டியதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். மெஷின் ஓட்டச் சொன்னது தான்தான் என்று டாக்டர் ஏற்கெனவே அவரிடம் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது நான் கத்தியது. "சாரின்னு ஒரு வார்த்த மேடம், முடிஞ்சுது" என்றார்.

"சார், திருப்பி அந்த நெலம வந்தா, திருப்பியும் கத்துவேன். பெறகு சாரி சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றேன்.

அப்படியானால் மெஷின் ரூமை விட்டுவிட்டுக் கவுன்ட்டருக்குப் போங்கள் என்றார். புதிதாகச் சேர்கிறவர்கள் உட்காரும் இடம். நான் அழுது கெஞ்சுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. எனக்கோ சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. போன் இருப்பது அந்தக் கவுன்ட்டரில்தான். "வெறும் வயித்துல வாங்க" என்று சொல்லும் வாய் இருக்க வேண்டிய இடத்தில் என் வாயைக் கொண்டுபோய் வைக்கிறாரே என்று நினைத்தேன். அன்றிலிருந்து போனை எடுத்தால் என் முதல் கேள்வி, பிள்ளைக்கா பெரியவருக்கா என்பது. இரண்டாவது, ஊசி போடுகிறீர்களா என்பது. ஊசி போடும் பிள்ளை என்றால், "வயிறார சாப்பிட்டுட்டு வாங்க, பையில பிஸ்கட் வச்சுக்கங்க" என்பேன். ஒரே ரூல் என்ன ஆயிற்று என்று மேனேஜர் சில நாள் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். பெரிய பதவிக்கு எப்போது திரும்புவீர்கள் என்று யாராவது கேட்டால், இதைவிடப் பெரிய பதவி இங்கே எது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

மாதங்கள் கழிந்து, மறு பரிசோதனைக்குச் சித்ரா மோனிஷாவை அழைத்து வந்தார். பிள்ளை நடையிலேயே துள்ளல் இருந்தது. இடையில் ஒரு முறைகூட மயங்கி விழவில்லை என்றார். அன்றும் நல்ல கூட்டம். என் கவுன்ட்டரில் தலை நிமிர நேரமில்லை. திடீரென்று வாசலில் நின்ற செக்யூரிட்டியின் குரல் உயர்ந்தது: "ஏம்மா, இங்க சாப்பிடக் கூடாதும்மா! ரத்தம் குடுக்க வந்த புள்ளைக்கு யாரு சோறு குடுத்தது?"

எட்டிப் பார்த்தேன். வரிசையில் வேறொரு சின்னப் பிள்ளை, வாய் நிறையச் சோறு. அதன் அம்மா பதறிப்போய் எழுந்து நின்றிருந்தார். பிறகுதான் தெரிந்தது, வேறு ஏதோ கிளினிக்கில் வெறும் வயிற்றோடு போகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஊசியும் போட்டாயிற்று. ஹாலில் இருந்த அத்தனை முகமும் அந்த அம்மாவை நோக்கித் திரும்பியது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மேனேஜரும் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

அதற்குள் சித்ரா எழுந்து அந்த அம்மாவுக்கு முன்னால் போய் நின்றார். கையில் திறந்த டிபன் பாக்ஸ்.

"நான்தான் குடுத்தேன்" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "ஊசி போட்ட புள்ள. எம் பொண்ணு இதே எடத்துலதான் உழுந்தா. இன்னொரு புள்ள உழறத நான் பாத்துனு நிக்க மாட்டேன். அவங்கள எதுக்கு மொறைக்கறீங்க அல்லாரும்? என்னக் கேளுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டேன். சித்ரா யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, அடுத்த கவளத்தை உருட்டி அந்தப் பிள்ளையின் வாய்க்கு நேரே நீட்டினார்.

"நீ சாப்புடு கண்ணு. யாரு கேக்கறதுன்னு பாப்போம்."